தம்பியை நிலத்துக்குக் கீழே இறக்கிய சனிக்கிழமை

மொன்றியலுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் மியூசியம் என்று ஒன்றுக்குள் நான் போனது ஒரே தடவை, அதுவும் டொய்லெட் தேடி. இந்தத் தடவை டிக்கெட் எடுத்தே போனேன், தம்பிக்காக.

தம்பி ரவி நிலத்துக்குக் கீழே இறங்கமாட்டான். ஊரில் ஷெல்லடியில் பங்கர் சரிந்து அரை நாள் மண்ணுக்குள் கிடந்தவன். இங்கே நிலத்துக்கடியில் ஓடுகிற மெட்ரோ ரயிலின் வாசலைக்கூட மிதித்ததில்லை. இப்போது டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே கார் விட இடமில்லை. திங்கட்கிழமை மெட்ரோவில் போகாவிட்டால் வேலை இல்லை. அதனால் சனிக்கிழமையே பழக்கிவிடலாம் என்று, ஒட்டாவா தாண்டி மியூசியமாக வைத்திருக்கிற போர்க்காலப் பதுங்கு சுரங்கம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன்.

காலை 8.10க்கு டொலார்டில் என் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, நோத்ர-டாம்-த-கிரேஸில் அவன் வீட்டு வாசலில் அவனை ஏற்றிக்கொண்டு, 10.50க்குப் போய்ச் சேர்ந்தோம். 215 கிலோமீட்டர். ஆளுக்கு 19 டொலர்.

வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்கள் பாத்திட்டு வாங்கோ. நான் காருக்குள்ள இருக்கிறன்."

"இரு, இரு. திங்கட்கிழமை சட்டி பானையையும் காருக்குள்ள கொண்டுவந்து தரச் சொல்லுவம்."

ரோசம் வந்து இறங்கினான். என் கையைப் பிடித்த பிடியில் காப்பு நெளிந்துவிட்டது.

கீழே வழிகாட்டிப் பிள்ளை விளக்கை மங்கலாக்கிவிட்டு, பதிவு செய்து வைத்திருந்த குண்டு விமானச் சத்தத்தைப் போட்டாள். அடுத்த கணம் நாங்கள் இரண்டு பேரும் தரையில். முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி குப்புற. ஊரில் பழகினது, யோசிக்கவேயில்லை.

விளக்கு வந்தது. எங்களோடு வந்த பிரெஞ்சுக் குடும்பம், ஐந்து பேரும் படுத்திருந்தார்கள்! இதுவும் டிக்கெட்டுக்குள் அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போல. தம்பிக்குக் கிடந்தபடியே சிரிப்பு.

"அக்கா, அந்த ஐயாவைப் பாருங்கோ. நெஞ்சு நிலத்தில முட்டுது. இப்பிடிப் படுத்தா அதிர்ச்சி நெஞ்சுக்கெல்லோ போகும்?"

எழும்பிப் போய்ச் சைகையால் திருத்தினான். அந்த மனிதர் பயபக்தியோடு நெஞ்சை உயர்த்தி, "மெர்சி" என்று நன்றி சொன்னார். அதன் பிறகு சுரங்கம் முழுக்கத் தம்பிதான் முன்னால் நடந்தான். கால் உளைவோடு நான் பின்னால்.

ஊரில் அந்தச் சத்தத்தை நிப்பாட்ட ஒருவராலும் முடியவில்லை. இங்கே ஒரு பிள்ளை ஒற்றை விரலால் நிப்பாட்டினாள். அதைப் பார்த்ததே எனக்குப் போதும்.

போகிறவர்கள் கோடையிலும் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். ஒன்றரை மணித்தியாலம் தாராளம். உள்ளே சாப்பாடு இல்லை, கட்டிக்கொண்டு போவது நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டவே வேண்டாம்.

திங்கட்கிழமை தம்பி மெட்ரோவில் ஏறினான். இருக்க இடம் கிடைத்தது. நித்திரையாகிவிட்டான். எட்டு மணிக்குக் குசினியில் நிற்க வேண்டியவன், எட்டு மணிக்கு டவுன்டவுனையும் தாண்டி லாவலில், கடைசி ஸ்டேஷனில் நின்றான். 9.10க்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். ஒரு மூட்டை வெங்காயம் உரிக்கக் கொடுத்தார்கள்.