ஸ்டாப்பர் இல்லாத இடத்துக்குப் போய்வந்த கோமளா

ஏழுமலையின் அழைப்பு வந்தபோது நான் கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரோலிங் மில் ஓடும்போது போனைக் காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும். வெளியே வந்து பேசினேன். "கோமளா போய்ட்டா பரசு" என்றார் ஏழுமலை, கோமளாவின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை, கோமளாவுக்கு வார விடுமுறை. காலை நாஷ்டாவை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்தொரு வயது.

உள்ளே திரும்பி வந்தேன். மேலே கேபினில் வேறொரு ஆபரேட்டர் அடுத்த லோடைத் தூக்கத் தயாராக இருந்தார். இரண்டு கைகளையும் விரித்து, எல்லாவற்றையும் நிறுத்து என்று காட்டினேன். நிறுத்தினார். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, கையை மலர்த்தி, ஏன் என்று கேட்டார். முன்பெல்லாம் எங்கள் மில்லில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் போய்விட்டார் என்று கீழிருந்து எப்படிச் சொல்வேன்? அதற்குக் கையசைவு எதுவும் கிடையாது. இரும்புப் படியேறிப் போய்ச் சொன்னேன்.

இந்த அஞ்சலியை எழுதச் சொன்ன தொழிற்சங்க நண்பர்கள், "அமைதியானவர், யார் மனதையும் நோகடிக்காதவர்" என்று ஒரு வரி வரட்டும் என்றார்கள். வராது. கோமளா அமைதியானவரும் அல்ல, யார் மனம் நோகிறது என்று பார்த்து நடந்தவரும் அல்ல. அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களிடம் நான் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். லோடைக் கட்டி, கீழே நின்று கையால் சைகை காட்டுவது என் வேலை. மேலே கேபினில் உட்கார்ந்து அந்தச் சைகைப்படி தூக்குவதும் இறக்குவதும் கோமளாவின் வேலை. ஆட்காட்டி விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கையை நீட்டி உள்ளங்கையைத் தரை பார்க்க அசைத்தால் நிறுத்து. தூக்கு என்று சொல்ல ஒரே ஒரு சிக்னல்மேனுக்குத்தான் உரிமை. நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெருக்குகிறவர் சொன்னாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும்.

கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை கோமளாவுக்குக் கிடைத்தது. ஸ்டோரில் உட்காரச் சொன்னார்கள். அவர் கிரேனைக் கேட்டார். சிரித்தவர்களில் நானும் ஒருவன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவர் கேபினுக்கு வந்த முதல் வாரம், நான் தூக்கு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே லோடு ஏற்றும் தொழிலாளி ஒருவர் தூரத்திலிருந்து கையை நீட்டினார். கோமளா நிறுத்திவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிக்னல்மேன் நானா அவனா என்று கத்தினேன். கோமளா என்னைக் கண்டுகொள்ளாமல் அந்த ஆளைப் பார்த்து ஏன் என்று கேட்டார். லோடைத் தாங்கிய பெல்ட்டின் ஓரம் பாதி அறுந்திருப்பதை அவர் காட்டினார். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தவன் நான்தான்.

அடுத்த மாதமே ஒரு மேலாளர் நடந்து வந்து நிறுத்து என்று கை காட்டினார். கோமளா நிறுத்தினார், ஏன் என்று கேட்டார். மேலாளரிடம் காரணம் இல்லை, தான் வந்திருப்பது தெரியட்டும் என்று காட்டியிருக்கிறார். கோமளா என்னைப் பார்த்தார், நான் விரலைச் சுழற்றினேன், லோடு மேலே போனது. கீழே இறங்கி வந்ததும் என்னிடம் சொன்னார்: "யார் நிறுத்துன்னாலும் நிறுத்துவேண்ணா. இன்னாத்துக்குன்னு கேப்பேன். காரணம் இல்லன்னா மறுபடி தூக்குவேன்." இருபது வருடம் அவரோடு வேலை செய்தேன். ஆலைக்கு உள்ளேயும் வெளியேயும் அவர் நடந்துகொண்ட முறை இதுதான்.

பாலைவனத்துக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னது ஒரு டீ இடைவேளையில். கிரேன் ஓடும் தண்டவாளத்தின் இரண்டு முனைகளிலும் ஸ்டாப்பர் இருக்கும், இரும்பு முட்டு. அதற்கு மேல் போக முடியாது. "இத்தினி வருசமா இந்த ஸ்டாப்பருக்கும் அந்த ஸ்டாப்பருக்கும் போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். ஸ்டாப்பரே இல்லாத எடம் ஒண்ணு பாக்கணும்ணா" என்றார். நானும் என் மனைவி வசந்தாவும் பைக்கில் கூடாரம் கட்டிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகம் என்று சுற்றிவருகிறவர்கள். கோமளாவும் எளாவூர் தாண்டியிருக்கும் தன் கிராமத்திலிருந்து தினமும் பைக்கில்தான் வேலைக்கு வருவார், லாரிகளுக்கு நடுவே. குஜராத்தில் இருக்கும் கட்ச் பாலைவனம் வரைக்கும் போகலாம் என்று மூன்று பேரும் முடிவு செய்தோம்.

உடனே நிறுத்து என்று கைகள் நீண்டன. ஏழுமலை ஆலை வாசலுக்கே வந்துவிட்டார். கோமளா வழக்கம்போல நின்றார், இன்னாத்துக்கு வேணாம்ன்ற என்று கேட்டார். ஊர் என்ன பேசும் என்றார் அண்ணன். ஊர் இப்போது மட்டும் என்ன பேசுகிறது என்று கேட்டார் தங்கை. புருஷன் இல்லாத பொம்பளை என்றார். வண்டி ஓட்டப் புருஷன் எதுக்கு என்று கேட்டார். ஏழுமலை கெட்டவர் அல்ல. நெல் விளைகிற நிலம், மாடு, குடும்பம் என்று தலைக்கு மேல் வேலை உள்ளவர், தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் அன்று அவரிடம் காரணம் இல்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காட்டுப்பள்ளிக் கடற்கரையில் மணலில் ஓட்டிப் பழகினோம். பொங்கல் முடிந்ததும் வண்டிகளை ரயில் பார்சலில் அகமதாபாத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போனோம். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்து மோர்ப் பொடியும் குடையும் எடுத்துப்போன எங்களுக்கு முதல் நாள் சாயங்காலமே குளிரில் பல் தந்தியடித்தது. தினமும் உலை வெக்கையில் வேகிற நானும் கோமளாவும் வசந்தாவோடு ஒரே கம்பளிக்கு அடித்துக்கொண்டது எங்கள் ஆலையில் இன்றைக்கும் சிரிப்புக் கதை.

இரண்டாம் நாள் உப்பு வெளிக்கு வந்தோம். கண் போகும் தூரத்துக்கு ஒரு மரமோ கம்பமோ கிடையாது. வெளியின் அந்தப் பக்கம் தெரிந்த ஒரு மேட்டில் கூடாரம் போடுவது திட்டம். வசந்தாவைப் பின்னால் உட்காரவைத்து நான் முன்னே போனேன். நம் கடற்கரையில் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும்: காய்ந்த மணலில் சக்கரம் புதையும், அலை நனைத்த ஈர மணல்தான் தார் ரோடு மாதிரி இருக்கும். அதனால் நான் ஈரமாகக் கறுத்துத் தெரிந்த பக்கம் பார்த்து வண்டியை விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கோமளா நின்றுவிட்டிருந்தார். கை நீண்டிருந்தது, உள்ளங்கை தரை பார்த்து அசைந்தது.

எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் போனேன். இருபது வருடமாகச் சைகை காட்டுகிறவன் நான், எனக்கு யார் காட்டுவது என்கிற திமிர். ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டேன், உப்புப் பொருக்கு உடைந்து வண்டி என்ஜின் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. வசந்தாவின் ஒரு ஷூ இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கோமளா வண்டியை விட்டு இறங்கி, கூடார முளையால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தபடி நடந்து வந்தார். மூட்டைகளை இறக்கச் சொன்னார். சேற்றுக்குள் நட்டமாக நின்ற வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சக்கரம் இருந்த குழியில் பாயைத் திணித்தோம். பிறகு தன் பையிலிருந்து ஆலையில் கழித்துப்போட்ட மஞ்சள் தூக்கு பெல்ட்டை எடுத்தார். பாலைவனத்துக்கு எதுக்கு அது என்று நான் கிண்டல் செய்த அதே பெல்ட். கயிறோடு சேர்த்து முடிந்து, கெட்டித் தரையில் நின்ற தன் வண்டியில் கட்டினார். "நீங்க சிக்னல் குடுங்கண்ணா, நான் இழுக்கறேன்" என்றார். நான் சேற்றில் நின்று கை காட்ட, ஒவ்வொரு முழமாக வண்டி வெளியே வந்தது. இரண்டு மணி நேரம் ஆனது.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "உப்புக்காரங்க டிராக்டர் தடம் எல்லாம் இந்த எடத்த சுத்திக்கினு போவுது. அவங்க இன்னா பைத்தியமா?" என்றார். மேலே கேபினில் உட்கார்ந்து தரையைப் பார்த்தே பழகிய கண் அது. பிறகு, அந்தப் பயணத்தில் ஒரே ஒரு முறை, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "நிக்காததுகூட பரவால்லண்ணா. ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

வெளி முழுக்கக் காய இன்னும் இரண்டு மாதம் ஆகும், அப்போது வந்தால் அந்த மேட்டுக்குப் போகலாம் என்று உப்பளத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார். அங்கே காரணம் இருந்தது. கோமளா மறுபேச்சு பேசாமல் வண்டியைத் திருப்பினார். அந்தப் பெரியவரின் குடிசைக்குப் பக்கத்திலேயே மூன்று நாள் கூடாரம் போட்டோம். அவர் காட்டிய கெட்டித் தரையில் ஒரு காலைப்பொழுது கோமளா தனியாக வண்டியை எடுத்தார். போனார், போனார், கடுகளவு புள்ளியாகிற வரைக்கும் போனார். வசந்தா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது கோமளாவின் முகமெல்லாம் உப்பு. "ஸ்டாப்பர் இல்லண்ணா. நானாத்தான் நிறுத்தினேன்" என்றார். அந்த முகத்தை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கு நீங்கள் பேசுகிற பேச்சைப் பேச மாட்டீர்கள்.

அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோர் முன்னாலும் ஏழுமலை என்னைக் கேட்டார்: "பாலைவனத்துல அலஞ்சதாலதான் அவ ஒடம்பு போச்சு. நீதானே இட்டுகினு போன?" பலரும் தலையாட்டினீர்கள். வண்டி அவரைக் கொல்லும் என்று இருபது வருடம் சொன்னவர்கள் நீங்கள். கொன்றது வண்டி அல்ல, பாலைவனமும் அல்ல. ஒன்பது மாதத்துக்கு முந்தைய பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதயக் குழாயில் அடைப்பு பல வருடமாக வளர்ந்திருக்கும் என்று டாக்டர் ஏழுமலையையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். ஆமாம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மறுபடி பிறந்து வந்து கேட்டாலும் கூட்டிக்கொண்டு போவேன்.

என்னைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டுமா? நிறுத்துங்கள். ஆனால் பாலைவனத்துக்காக அல்ல, ஏணிப்படிக்காக. இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து கேபினிலிருந்து இறங்கியவர் கடைசிப் படிகளில் உட்கார்ந்துவிட்டார். முகம் வியர்த்திருந்தது, கை நெஞ்சில் இருந்தது. என்ன என்றேன். "கேஸ்ணா. காலைல பூரி துன்னேன்" என்றார். நான் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வீட்டிலும் கேஸ் என்றே சொல்லியிருக்கிறார், அவர்களும் ஓம வாட்டர் கொடுத்திருக்கிறார்கள். அவர் கிரேன் ஏறியபோது, வண்டி வாங்கியபோது, ஊரை விட்டுக் கிளம்பியபோது என்று காரணமே இல்லாமல் கை நீட்டிய அத்தனை பேரில், காரணம் இருந்த அந்த மூன்று நாளில் ஒருவரும் கை நீட்டவில்லை. நீட்டுவதையே தொழிலாகக் கொண்ட நானும் நீட்டவில்லை. அன்று இந்தக் கை சோடா பாட்டிலைத்தான் பிடித்தது.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வசந்தா ஏழுமலையிடம் போனாள். கோமளாவின் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, பழைய இரும்புக்குப் போட வைத்திருந்தார் அவர். வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "இன்னாத்துக்கு?" என்று கேட்டார். "ஓட்டறதுக்குதான். திரும்பி வந்தப்புறம் கோமளாதான் எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தா. அந்த மேட்டுக்குப் போணும்" என்றாள் வசந்தா.  ஏழுமலை உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவர் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

மாசிக் கடைசியில் கிளம்புகிறோம். உப்பு வெளி காய்ந்திருக்கும். இப்போது எங்களை நோக்கிக் கைகள் நீள்கின்றன. பெங்களூரிலிருந்து மகன் போனில், ஆலையில் நண்பர்கள், நாங்கள் குடியிருக்கும் மணவாள நகரில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவரிடமும் நின்று ஏன் என்று கேட்டேன். ஐம்பத்தாறு வயதாகிவிட்டது என்கிறார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்கிறார்கள். வசந்தா மட்டும் வேறு மாதிரி கை நீட்டினாள்: "மொதல்ல நெஞ்ச காட்டிட்டு வா, அப்புறம் பெட்ரோல் போடலாம்." காரணம் இருந்தது, மறுநாளே போனேன். ஈசிஜி எடுத்து, பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, போய்வாருங்கள் என்றார் டாக்டர். வசந்தாவையும் விடாமல் இழுத்துப்போய்க் காட்டினேன்.

மஞ்சள் பெல்ட் இப்போது என் பையில் இருக்கிறது. கோமளாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது மட்டும் அல்ல. இனி யார் கை நீட்டினாலும் நிற்பேன், ஏன் என்று கேட்பேன். யாராவது நெஞ்சில் கை வைத்தபடி படியில் உட்கார்ந்தால், அவர் கேஸ் என்று சொன்னாலும் விடமாட்டேன், குறுக்கே நிற்பேன். எங்களை நிறுத்த உங்களிடம் காரணம் இருந்தால் மாசிக்குள் வந்து சொல்லுங்கள், கேட்கிறோம். இல்லையென்றால் லோடுக்குக் கீழே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். தூக்கப் போகிறோம்.