குழுவுக்கு ஒரு பெரிய துப்பாக்கி

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் சில மாதங்களாக யாரும் சாப்பிடவில்லை. அதன்மேல் என் போர்க்களம் இருந்தது. தெர்மாகோல் வரப்பு, பேராவூரணியிலிருந்து கொண்டுவந்த தேங்காய் நார்த்தூளில் புல்வெளி, நடுவில் அட்டையில் செய்த மதகு, ஓரத்தில் ஈர்க்குச்சித் தென்னந்தோப்பு, சுண்டுவிரல் உயரச் சிப்பாய்கள். பகடை உருட்டி ஆடும் யுத்த விளையாட்டு. விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். எதிரில் உட்காரத்தான் ஆள் இல்லை. வந்த நண்பர்கள், நான் விதிகளை விளக்கிக்கொண்டிருக்கும்போதே டீ குடிக்கப் போனார்கள். திரும்பவில்லை.

கடைசியில் உட்கார்ந்தது தங்கச்சி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவள். கட்டிலில் படித்தால் தூக்கம் வருகிறதாம்.

"ஒரே ஆட்டம். நான் ஜெயிச்சா டேபிள் எனக்கு. நீ ஜெயிச்சா பரீட்சை முடியிற வரைக்கும் வாயைத் தெறக்க மாட்டேன்."

பாவம், சின்னப்பெண் என்று நினைத்தேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு.

ஆளுக்கு நான்கு சிப்பாய்க் குழு, நான்கு பெரிய துப்பாக்கி. எந்தக் குழுவுக்கு எத்தனை என்பது நம் இஷ்டம். ஆறாவது சுற்று முடியும்போது மதகில் நிற்பவருக்கே வெற்றி. ஒரே கண்டிஷன்: பெரிய துப்பாக்கி தூக்கியவன் நகர்ந்தால் அந்தச் சுற்றில் சுட முடியாது.

நாங்கள் கடைமடைக்காரர்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில் வயல். மேலே இருப்பவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் எங்களுக்கு. 'கடைமடைக்கும் வந்து சேரணும்' என்று அப்பா பேசாத கூட்டமில்லை. அதைக் கேட்டே வளர்ந்தவனுக்கு ஒரு குழுவுக்கு இரண்டு கொடுத்து இன்னொன்றை வெறுங்கையோடு விட மனசு வருமா? குழுவுக்கு ஒன்று வைத்தேன். பின்மூலையில் நின்ற குழுவுக்கும் ஒன்று. இதற்கு 'சமச்சீர் உத்தி' என்று பெயர் வைத்து, படம் வரைந்து அவளுக்கு விளக்கவும் செய்தேன்.

அவள் கொட்டாவி விட்டாள். நான்கையும் ஒரே குழுவிடம் கொடுத்து, மதகு தெரிகிற மாதிரி தென்னந்தோப்பில் உட்கார வைத்தாள். மற்ற மூன்று குழுவும் ஓட ஆரம்பித்தன.

என் ஆட்கள் நின்றார்கள். கையில் பெரிய துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுடாமல் நடப்பது வீண் இல்லையா? அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நின்று சுட்டார்கள். முக்கால்வாசி வரப்பில் பட்டது. பின்மூலைக் குழுவுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்ற என் இன்னொரு குழுவின் முதுகு. ஒருவழியாக ஒரு குழுவை மதகுக்கு நகர்த்தினேன். தென்னந்தோப்பிலிருந்து நான்கும் சேர்ந்து முழங்கின. குழுவைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

அப்பா பேப்பரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா, தோத்துட்டியா?"

"இன்னும் ரெண்டு சுற்று இருக்குப்பா."

"எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணா பங்கு வச்சிருக்கான்பா உங்க புள்ள," என்றாள் தங்கச்சி.

அப்பா நிதானமாகப் பார்த்தார். "சரியாத்தானே குடுத்திருக்கான். இதுல என்ன தப்பு?"

"இது தண்ணி இல்லப்பா. துப்பாக்கி."

அந்த வீட்டில் என் உத்தியைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அப்பாதான். அதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆறாவது சுற்றில் மதகின் மேல் அவளுடைய இரண்டு குழு நின்றது. ஆட்டம் முடிந்தது உள்ளே இருந்த அம்மாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, துடைக்கிற துணியோடு வந்துவிட்டார். நார்த்தூள் உதிர உதிரப் போர்க்களத்தைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். திரும்பி வருவதற்குள் டேபிளில் புத்தகங்கள் ஏறியிருந்தன.

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பகடை மட்டும் கொஞ்சம் ஒத்துழைத்திருந்தால் என் ஏற்பாடு எப்படி ஜெயித்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"அண்ணா."

"என்ன?"

"அந்த நாற்காலியும் டேபிளோட சேர்ந்ததுதான்."

எழுந்து போய் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் சொன்னது உண்மைதான், பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டேன்.