மூன்றாவது சாவடியில் நான்கு நிமிடம்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு இயந்திரம், அதன்மேல் சொட்டும் தண்ணீர், நகக்கண்ணில் எப்போதும் வெள்ளைத் தூள். நாள் முழுக்க அவர் யாரிடமும் பேச வேண்டியதில்லை. வீட்டிலும் பேச வேண்டியதில்லை, அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். வாய் என்றால் அப்படி ஒரு வாய் எனக்கு. அவர் ஆரம்பிக்கிற வாக்கியத்தை நானே முடித்துக் கொடுப்பேன், பெரும்பாலும் தப்பாக.

இந்த மனுஷனுக்கு நாற்பது வயதுக்கு மேல் மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மலையில் பந்தயம் நடக்கும். காட்டுப் பாதை, பாறை, ஓடை என்று நாற்பது கிலோமீட்டர். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். குறித்த நேரத்துக்குள் வராதவரின் ஹேண்டில்பாரில் கட்டியிருக்கும் எண் அட்டையை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதோடு அவர் கதை முடிந்தது. மூன்றாவது சாவடியைத் தாண்டிவிட்டால் மீதி இறக்கம்தான், எப்படியும் முடிவுக் கோட்டுக்குப் போய்விடலாம். இவர் ஐந்து வருஷம் ஓட்டியும் அதைத் தாண்டவில்லை. 'வால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "வால் வந்தாச்சு, கடையைக் கட்டுங்கப்பா" என்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆறாவது வருஷம் முழங்காலில் ஜவ்வு தேய்ந்துபோயிருந்தது. "இந்தத் தடவையோட சைக்கிளை மறந்துடுங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதன்பிறகு தினமும் கடைக்குப் போகுமுன் தண்ணீர்த் தொட்டி மேட்டில் பத்துத் தடவை ஏறி இறங்கினார். "அந்தக் கோட்டை ஒரே ஒரு தடவை தாண்டிட்டா போதும்" என்று என்னிடம் சொன்னார். அவர் எதையும் ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடிப்பதற்குப் பதில் நானும் உதவிக்குப் போனேன். மூன்றாவது சாவடியில் நேரம் குறிப்பதும் அட்டை வெட்டுவதும் என் வேலை. உடனிருந்த மருந்துக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வந்தா உங்க கடிகாரம் கொஞ்சம் மெதுவா ஓடுமோ?"

"என் கடிகாரத்துக்குச் சொந்தபந்தம் கிடையாதுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குப் பிடித்த மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கூடாரத்தின் ஒரு பக்கம் பிய்ந்து பறந்தது. பாதை முழுக்கச் சேறு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களே அதிகம். எங்களிடம் இருந்த வாக்கி-டாக்கி ஓயாமல் கரகரவென்று இரைந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. எரிச்சல் தாங்காமல் அதை அணைத்து, நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன்.

கெடு பதினொரு மணி. அவர் வந்தபோது பதினொன்று நாலு. தலையிலிருந்து கால்வரை சேறு, உதடு நீலம் பாரித்திருந்தது, வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"ஒரு நிமிஷம் கேளு, நேரத்தை…"

"நேரம் முடிஞ்சு போச்சுங்க. இத்தனை பேர் முன்னால என்கிட்ட சலுகை கேக்காதீங்க. அசிங்கமா இருக்கு!"

அவர் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, ஹேண்டில்பாரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அட்டையை வெட்டி எடுத்தேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

விலகியவர்களை ஏற்றிச் செல்லும் வேன் தயாராக நின்றது. பாதை இன்னும் மோசமாகுமுன் இறங்கிவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். இவரும் ஏறிக்கொண்டார். வேனில் ஏறினால் விலகியதாகத்தான் கணக்கு, திரும்ப ஓட்ட முடியாது.

பதினொன்று பத்துக்கு, பந்தயத்தில் ஓட்டிய ஒரு தபால்காரர் வந்து சேர்ந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் பதறிப்போனார்.

"அக்கா, என்ன பண்றீங்க? மழைக்காகக் கெடுவைப் பதினஞ்சு நிமிஷம் நீட்டியிருக்காங்களே! ரெண்டாவது சாவடியில எங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. அண்ணனும் என்கூடத்தான் நின்னாரு."

பையைப் பிரித்து வாக்கி-டாக்கியைப் போட்டேன். இப்போது தெளிவாகக் கேட்டது. மூன்றாவது சாவடி, பதினொன்று பதினைந்து வரை விடவும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேன் போன பாதையில் பைத்தியக்காரி மாதிரி ஓடினேன். முதல் வளைவிலேயே வழுக்கி விழுந்தேன். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். தபால்காரர் கோட்டைத் தாண்டினார். அன்றைக்குக் கடைசியாக வந்தவர் அவர்தான்.

வீட்டில் அவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். என் புத்தி எங்கே போகும்? வாயைத் திறந்தால் சண்டைதான் வந்தது.

"தெரியும்ல உங்களுக்கு? என் கையைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கலாம்ல? ஏன் சொல்லலை?"

"சொல்லத்தானே வந்தேன். நீ குரலை உசத்தினா நான் நிறுத்திக்குவேன். இருபது வருஷமா அப்படித்தானே. அங்க மட்டும் எப்படி வாய் வரும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வாரே, அந்த மாதிரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, தலையைத் துவட்டு, சளி பிடிக்கும் என்றார்.

அடுத்த மாதம் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, அந்தத் தபால்காரரிடமே கொடுத்துவிட்டார். இவரே அதைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். கொடுக்காதீங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.