வெள்ளாட்டிடம் சொன்னது

கீரப்பாளையம் ரேகா எம்.ஏ. தமிழ் முடித்த கதையை நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள் நான். அவள் ஜெயித்ததில் எனக்கு இன்னும் தலைகால் புரியவில்லை.

கல்யாணமாகி, பிள்ளைகள் ஹைஸ்கூல் போன பிறகு படிக்க வந்தவள் ரேகா. கணவர் அருள்முருகன் சரி என்றுவிட்டார். மாமியார் ராசம்மாளுக்குத்தான் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் மருமகளிடம் ஒரு நாளும் நேராகச் சொன்னதில்லை. வாசலில் கட்டியிருக்கும் வெள்ளாட்டிடம்தான் சொல்வார். "ஏ ஆடே, நீயும் பைய மாட்டிக்கிட்டு சிதம்பரம் போறதுதான? ஒனக்கு மட்டும் என்னா வூட்டு வேல கெடக்கு?" ஆடு பாட்டுக்குத் தழை தின்னும். ரேகா பஸ்ஸுக்கு ஓடுவாள்.

கடைசி வருஷம் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம். நாங்களெல்லாம் சங்க இலக்கியத்தில் பூ, பறவை என்று பத்திரமான தலைப்பாக எடுத்துக்கொண்டோம். எனக்குப் பூ. எனக்கு முன்னால் எத்தனை பேர் அதைப் பறித்தார்களோ! ரேகா எழுந்து, "ஜாடைப் பேச்சு" என்றாள். ஒருத்தரைத் திட்டுவதற்கு ஆட்டிடமும் பானையிடமும் பேசுகிறோமே, அதற்கு என்ன இலக்கணம் என்று பார்க்கப் போகிறாளாம். வகுப்பே சிரித்தது. நெறியாளர் அமராவதி அம்மா சிரிக்கவில்லை.

"எழுதும்மா. ஆனா வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் ஒத்துக்கணும். இல்லன்னா வேற தலைப்புல திரும்ப முதல்லேர்ந்துதான்."

இன்னொரு வருஷம் படிப்பு என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினாள். குழாயடி, ரேஷன் கடை வரிசை, கல்யாணப் பந்தி என்று எங்கே நின்றாலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முடித்ததும் கம்ப்யூட்டரில் திருட்டுச் சோதனை நடந்தது. பிறர் எழுதியதிலிருந்து எடுத்த வரிகளை அது சிவப்பாகக் காட்டும். என் பூவில் பாதிக்கு மேல் சிவப்பு. அவளுடையதில் சிவப்பாக வந்தது நன்றியுரை மட்டும்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேராசிரியர் விஸ்வேஸ்வரன். நாங்களெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தோம். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. ஏட்டை இரண்டு தரம் புரட்டினார். ரேகாவைப் பார்க்கக்கூட இல்லை. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்து, "இப்பல்லாம் யார் வேணும்னாலும் ஆராய்ச்சி பண்ண வந்துடறாங்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேகா எழுந்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். இப்ப நீங்க திட்டுனது என்னைய. ஆனா ஃபேனைப் பாத்து 'யார் வேணும்னாலும்'னு சொன்னீங்க. எதிர்ல இருக்கறவங்களப் படர்க்கையாக்கிடறது. இது என்னோட மூணாவது இயல்."

அவருக்குச் சுருக்கென்றது. "நான் உங்களையா சொன்னேன்?" என்றார்.

"அது நாலாவது இயல், ஐயா."

முதலில் சிரித்தது விஸ்வேஸ்வரன்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஏட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, ஒன்றைத் தவிர.

"எல்லாமே திட்டாத்தான் இருக்கு. ஜாடையாப் பாராட்டறது உண்டா?"

"நான் கேட்டதில்லீங்க ஐயா."

"கிடைச்சா திருத்தத்துல சேத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணை அவளுக்குத்தான் போட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ரேகா கணவருக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னாள். நானும் அவளோடு கீரப்பாளையம் போனேன். ராசம்மாள் வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. ஆட்டின் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார்.

"ஏ சனியனே, தள்ளி நில்லு! சிதம்பரத்துல பெரிய பெரிய வாத்தியாருங்க வாய அடச்சிட்டு வருது இந்த வூட்டுப் புள்ள. அதுக்கு வழி வுடணும்னு தெரியல ஒனக்கு?"

ரேகா அப்படியே நின்றுவிட்டாள். பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "அத்த, என்னையா சொன்னீங்க?"

"ஒன்னையா சொன்னேன்? ஆட்டைச் சொன்னேன்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார்.

திருத்திய ஆய்வேட்டில் ஐந்தாவதாக ஓர் இயல் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம்தான், சான்றும் ஒன்றே ஒன்றுதான். சொன்னவர்: ராசம்மாள். கேட்டது: வெள்ளாடு.