கன்னியா வெந்நீரும் என் இடது காலும்

வேப்பெண்ணெயும் கற்பூரமும் சேர்ந்து காய்கிற மணம் எங்கிருந்து வந்தாலும் என் இடது கால் விழித்துக்கொள்ளும். மூன்று வருடத்துக்கு முன், திருகோணமலைக்கு வெளியே கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது.

துறைமுகப் பக்கம் எனக்கு ஒரு சின்னப் பேக்கரி. போறணை அடுப்பின் வாய்க்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். பாண் வெந்தது; கூடவே காலும் வெந்தது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டன. பின்னேரமானால் கால் நனைந்த மாமூட்டைபோல் கனக்கும். வைத்தியரிடம் போகப் பயம். வேலையை விடு என்று சொல்லிவிட்டால்? எனக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

ஆகவே நானே வைத்தியனானேன். நாரிப்பிடிப்புக்கும் மூட்டுவலிக்கும் ஊரே கன்னியாவுக்குப் போகிறது, நரம்புக்கு மட்டும் கேட்காதா? ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. எனக்கு ஆகச் சூடானதுதான் வேண்டும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய வேப்பெண்ணெய் பூசி, இரண்டு பெருவிரலாலும் நரம்பை அமுக்கி உருவி, அதன்மேல் வாளி வாளியாக வெந்நீர். வாராவாரம் வீக்கம் கூடியது. மருந்து வேலைசெய்கிறது என்று நினைத்தேன்!

“காலுக்கு ஊத்துறியளோ, முட்டை அவிக்கிறியளோ?” என்றாள் அன்று கூட வந்திருந்த மனைவி. அவள் சிரித்து முடிக்கவில்லை, சீமெந்துத் தரையில் ஓடிய தண்ணீர் சிவந்தது. வலியே இல்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு நரம்பு வெடித்து இரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது.

பாம்பு கடித்தவனுக்குக் கட்டுவதுபோல், முழங்காலுக்குக் கீழே துவாயைக் கட்டினாள். “இன்னும் இறுக்கு” என்றேன் நான். இரத்தம் இன்னும் வேகமாக வந்தது. கண் இருட்டியது.

“அவுளுங்க! கட்டினா இன்னும் கூடத்தான் பாயும்!”

பக்கத்துக் கிண்ணியா ஊரிலிருந்து குளிக்க வந்த ஒருவர் ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் ‘நானா’ என்போம். துவாயை அவிழ்த்தார். என்னை ஈரத்தரையில் மல்லாத்தி, காலைத் தூக்கித் தன் தோளில் போட்டார். துவாய் நுனியை மடித்து வெடித்த இடத்தில் வைத்து அழுத்தினார். விலக்கிப் பார்க்கவே இல்லை.

“நானா, செத்துப்போவனோ?”

“இதுக்கு மௌத்தாகிறதெண்டா நான் எப்பவோ மௌத்து. கதைக்காமப் படுங்க.”

முப்பது வருடம் பஸ் கொண்டக்டராக நின்ற கால்களாம் அவருடையவை. அவருக்கும் ஒருநாள் இப்படி வெடித்ததாம். சொல்லிக்கொண்டே பிடித்திருந்தார். இரத்தம் நின்றது. என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தபடி ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தார்.

அவர் செய்ததே சரி என்றார் வைத்தியர். சூடு நரம்பை இன்னும் விரிக்கும், உருவினால் புண்படும், இரத்தம் வந்தால் காலை உயர்த்தி அழுத்தினாலே போதும் என்றார். ஸ்கேன் பார்த்து, இறுக்கமான காலுறை ஒன்றும் எழுதித் தந்தார்.

இன்றைக்கும் போறணைக்கு முன்னால்தான் என் வாழ்க்கை. மா புளிக்கிற நேரமெல்லாம் குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்குகிறேன். இடைக்கிடை கதிரையில் இருந்து காலை நீட்டுகிறேன். பின்னேரம் கடற்கரையில் நடை, பிறகு காலுக்குப் பச்சைத் தண்ணீர், படுக்கையில் காலுக்கடியில் தலையணை. சுருண்ட நரம்பு நேராகவில்லை. ஆனால் வீக்கம் வற்றிவிட்டது, புதிதாக எதுவும் சுருளவில்லை. என் உடம்பின் கதையை என்னைவிட நன்றாக ஓர் அந்நியர் வாசித்தார் என்பதை நினைத்தால், எல்லாம் தெரியும் என்கிற என் வாய் இன்னும் அடங்குகிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் விடைபெறும்போது மனைவி அழுதாள். “நானா, இந்த மனுசனை வேலைய விடச் சொல்லுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டார்.”

அவர் சாரனைக் கொஞ்சம் உயர்த்தினார். முழங்கால்வரை காலுறை.

“வேலைய விட வேணாம் தங்கச்சி. ஒரே இடத்தில நிக்கிறத விடச் சொல்லுங்க.”