பினாங்கில் நான் நடத்திய தேர்தல்

1999, ஒரு ஞாயிறு, காலை 8.20. பட்டர்வொர்த்தில் படகு ஏறினேன். கட்டணம் நாற்பது சென், காற்று இனாம். கால் மணி நேரத்தில் ஜார்ஜ்டவுன். படகுத்துறையிலிருந்து டத்தோ கிராமாட் மூன்று கிலோமீட்டர், டாக்சிக்கு ஆறு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கே ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் என் நண்பர் செல்வத்தின் வீடு.

"லிஃப்ட் ரோசாக் அண்ணே, நாலு மாசமா ஓடல," என்று செல்வத்தின் மனைவி லலிதா படிக்கட்டு அடியிலேயே வரவேற்றார். நாலாவது மாடியில் நானும் ரோசாக்.

லலிதாவுக்கு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வரும் பெண்கள் இந்தப் படிகளைத்தான் ஏறுகிறார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முனியாண்டியோ தரைத்தளத்துக்காரர். லிஃப்ட் நினைவே அவருக்கு வருவதில்லை. அன்று பத்து மணிக்குச் சங்கத் தேர்தல். அவரை எதிர்த்து லலிதா நிற்கிறார். அந்தப் பதவிக்கு நிற்கும் முதல் பெண்.

"இது வரைக்கும் கை தூக்கித்தான் ஓட்டு. பொம்பளைங்க கை, வீட்டுக்காரரு கையப் பார்த்துட்டுத்தான் மேல போகும். சீட்டுல எழுதினா கையெழுத்து காட்டிக் கொடுத்துடும்லா," என்றார் லலிதா.

ஆகவே லலிதாவும் தோழிகள் இருவரும் ஒரு பிஸ்கட் டின்னில் இரண்டு பொத்தான்களைப் பொருத்தி ஓட்டு இயந்திரமே செய்துவிட்டிருந்தார்கள். பச்சை லலிதாவுக்கு, மஞ்சள் முனியாண்டிக்கு. அழுத்தினால் 'டிங்' என்று ஒலித்து, உள்ளே எண் ஒன்று கூடும். அசந்துபோனேன்.

"எங்க இந்தியாவுலயும் இப்ப மிஷின்தான்," என்று அளந்தேன். பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி. உடனே என்னைத் தேர்தல் அதிகாரி ஆக்கிவிட்டார்கள்.

10.00. கீழ்த்தளக் கூடத்தில் ஒரு சாரோங் கைலியைத் திரையாகக் கட்டினோம். நாற்பது பேர் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு டிங்.

10.50. டின்னைத் திறந்தோம். பச்சை 21, மஞ்சள் 20. பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

முனியாண்டி எழுந்தார். "நாப்பது பேருக்கு நாப்பத்தோரு ஓட்டா? என்னா கணக்குலா இது?"

அந்தக் கூடுதல் ஓட்டு என் வேலை. திரை கட்டும்போது, அந்தச் சத்தத்தைக் கேட்கும் ஆசையில் பச்சையை ஒருமுறை அழுத்தியிருந்தேன். அப்புறம் எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. லலிதாவின் காதில் உண்மையைச் சொல்லி, "மஞ்சளை அமுக்கினேன்னு சொல்லிடவா? ஜெயிச்சிடுவீங்க," என்றேன்.

"சும்மா இருங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். "அதிகமா இருக்கிற அந்த ஒரு ஓட்டு, எனக்கு விழுந்த கள்ள ஓட்டு. போட்டவரு, இந்தியாவுல இருந்து வந்திருக்கிற இந்த நிபுணரு. திரும்ப மொதல்ல இருந்து போடுவோம்."

கூடமே சிரித்தது. பெஞ்சுக்கு அடியில் இடம் இருந்தால் புகுந்திருப்பேன்.

11.15. அதிகாரிக்குப் பதவி போயிற்று. ஆறாம் மாடி அக்கா ஒருவர் பொறுப்பேற்று, எல்லோருக்கும் பூஜ்யத்தைக் காட்டிவிட்டுத் தொடங்கினார். முடிவு: பச்சை 25, மஞ்சள் 15.

முனியாண்டி தம் மனைவி பக்கம் திரும்பினார். "நீ எத அமுக்குன?"

"ரகசிய ஓட்டுலா," என்றார் அந்த அம்மாள், மின்விசிறியைப் பார்த்தபடி.

மாலை ஐந்து மணிக்கு விடைபெற்றேன். எங்கள் ஊரில் வாக்குச்சாவடி வாசல்வரை என் மனைவிக்குச் சின்னம் சொல்லிக்கொடுத்தபடியே நடப்பது என் வழக்கம். அவளும் தலையாட்டிக்கொண்டே வருவாள். அந்தத் தலையாட்டலின்மேல் முதல்முறையாக எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.