கட்டைவிரலுக்கு எத்தனை சதவீதம்

கேரட் கழுவும் மெஷினில் அம்மாவின் வலது கை சிக்கியபோது, நான் அட்டுவம்பட்டியில் ஒரு விடுதியின் மொட்டைமாடியில் வெந்நீர் பாய்லரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த எனக்கு அங்கே பம்ப், ஜெனரேட்டர், பாய்லர் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. போனில் பேசியவர் கேரட் ஷெட் முதலாளி.

"பாப்பா, பதறாத. அம்மாவுக்குக் கையில லேசா அடி. ஜீப்புல கூட்டிட்டு வந்துக்கிட்டிருக்கேன். நீ வெரசா ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

லேசான அடி இல்லை. டிரம்மைச் சுற்றும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே கை போயிருந்தது. நான்கு விரல்கள் தப்பின. கட்டைவிரலின் எலும்பு நொறுங்கி, தசைநார் அறுந்திருந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தோம். விரல் பிழைத்தது, மடங்கத்தான் இல்லை.

முதலாளி எங்கள் மேல்மலை ஊர்க்காரர். அம்மா அவரை அண்ணே என்பாள், எனக்கு மாமா. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே கட்டினார். அம்மா படுத்திருந்த நாட்களில் ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் வெள்ளனே வீட்டுக்கு வந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டுப் பணத்தை எடுத்து அம்மா முன் வைத்தார்.

"வச்சுக்கத்தா. ஒரு பேப்பர் எழுதியாந்திருக்கேன். அதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டா சோலி முடிஞ்சுது."

அம்மா இடது கையை நீட்டிவிட்டாள்.

"மாமா, அத எடுத்து உள்ள வைங்க" என்றேன்.

"ஏம் பாப்பா, கொறச்சலா இருக்கா?"

"கொறச்சலா கூடவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கணக்குப் போட்டாத்தான் தெரியும். அதோட, பொம்பளைக்கு மொத்தமா குடுக்கிற நஷ்டஈட்டக் கையில குடுத்தா குடுத்ததா ஆகாது. திண்டுக்கல் தொழிலாளர் ஆபீஸ்லதான் கட்டணும். இல்லன்னா நாளைக்கு நீங்க ரெண்டாவது தடவ கட்ட வேண்டி வரும்."

ரெண்டாவது தடவை என்றதும் பணம் பைக்குள் போய்விட்டது.

அம்மா கட்டோடு இருந்த வாரங்களில் நான் சட்டத்தைப் படித்திருந்தேன். புது பாய்லர் வந்தால் கையேட்டைப் படிப்பேனே, அப்படித்தான்: எது எதோடு இணைகிறது, எந்த வால்வைத் திறந்தால் எது வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால் இ.எஸ்.ஐ. காப்பீடு பார்த்துக்கொண்டிருக்கும். ஷெட்டில் ஏழு பேர். ஆகவே பொறுப்பு முதலாளியுடையது. ஆஸ்பத்திரிச் செலவு ஒன்று, கை போனதற்கான தொகை இன்னொன்று. முதலாவதைக் கட்டியதால் இரண்டாவது தீராது. மாமாவுக்குத் தெரியாமல் போனது இதுதான். அவர் ஏமாற்ற வரவில்லை. ரெண்டையும் ஒன்றாக நினைத்து, அதற்கு மேல் தன் மனசுக்குப் பட்டதைக் கொண்டுவந்தார்.

கணக்கை அவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே சொன்னேன். மாதக் கூலியில் அறுபது சதவீதம் எடுக்க வேண்டும். வயதுக்கென்று சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது, அதைக்கொண்டு பெருக்க வேண்டும். வயது கூடக் கூட அந்த எண் இறங்கும். வருகிற தொகையில், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம்தான் நமக்கு.

"அப்ப சின்ன வயசுலயே கைய விட்டிருக்கணும்ங்கிற" என்றாள் அம்மா.

மாமா அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "கைக்குப் பெர்சென்ட்டா? இது என்னா பாப்பா, ஜி.எஸ்.டி.யா?"

"உங்களால ஒரு உதவி ஆகணும் மாமா. கூலி எவ்வளவுன்னு ஆபீஸ்ல கேப்பாங்க."

"உள்ளதச் சொல்லுவேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு ஆபீசில் அப்படியே சொல்லவும் செய்தார். பெல்ட்டுக்கு மூடி இருந்ததா என்று அதிகாரி கேட்டபோது மட்டும் குரல் இறங்கியது. "இருந்துச்சு. சேறு அடைக்குதுன்னு கழட்டி வச்சிருந்தோம்."

கூலி தெரியும், வயது தெரியும். மிச்சம் இருந்தது சதவீதம். விரல் துண்டாகப் போயிருந்தால் அதற்குச் சட்டத்திலேயே அட்டவணை உண்டு. இருந்தும் இல்லாத விரலுக்கு அட்டவணை கிடையாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த அறையில் அம்மா என்ன சொல்லுவாள், என்ன செய்து காட்டுவாள் என்பதில்தான் எல்லாமே இருந்தது. எனக்குப் பயம் அங்கேதான்.

ஏனென்றால் அம்மாவுக்கு 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. காலையில் ஷெட் வாசலில் 'இன்னைக்கு லோடு ஜாஸ்தி, முடியுமா?' என்று கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. வேறு பதில் சொன்னவர்களை மறுநாள் கேட்க மாட்டார்கள். நான் ஒரு தாளில் அவளால் செய்ய முடியாததையெல்லாம் வரிசையாக எழுதி, பட்டன், பேனா, குடம் என்று வாசித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணும்மா."

"முடியாது முடியாதுன்னு நாலு பேர் காதுல விழுந்தா, அப்புறம் எவடி என்னைய வேலைக்குக் கூப்புடுவா?"

டாக்டரைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போன அன்று, காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். அம்மா மடியில் ஒரு துணிப்பை. எட்டிப் பார்த்தேன், எங்கள் காட்டில் விளைந்த மலைப்பூண்டு.

"இது எதுக்கு?"

"டாக்டரப் பாக்க வெறுங்கையோடயா போறது?"

"வாங்க மாட்டாரும்மா."

"நீ சும்மா வா."

டாக்டர் இளைஞர், எலும்பு மருத்துவர். சட்டைப் பட்டனைப் போட முடியுமா என்று கேட்டார். அம்மா ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பட்டனைப் பிடித்து நொடியில் போட்டாள். பேனாவையும் அப்படியே பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். தண்ணீர் ஜக்கை வலது கையால் தூக்கினாள். இடது கை அடியில் தாங்கியதை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

"வீட்டு வேலையெல்லாம் செய்றீங்களாம்மா?"

"எல்லாஞ் செய்வேன் சார்."

"சார், அம்மா வீட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொல்லாதீங்க. அவங்க சொல்லட்டும்."

அவர் கேட்டது சரி. என் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அவர் பேனாவைத் திறந்தார். வேலை முடிந்தது என்று நினைத்த அம்மா துணிப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க காட்டுப் பூண்டு சார்."

"இதெல்லாம் நான் வாங்கக் கூடாதும்மா."

அம்மாவின் முகம் சுருங்கியது. "வெலைக்கா குடுக்கேன்? வாங்க வேணாம், வாசத்த மட்டும் பாருங்க" என்று சொல்லி ஒரு பூண்டை எடுத்து, உடைத்துக் காட்டப் போனாள்.

எங்கள் ஊரில் பூண்டை எல்லோரும் ஒரே மாதிரிதான் உடைப்போம். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தலையில் ஓர் அழுத்து. பல் பல்லாக விரியும். அம்மா அழுத்தினாள். விரல் குச்சி மாதிரி நின்றது. இன்னும் பலமாக அழுத்தினாள். பூண்டு நழுவி, மேசையில் உருண்டு, அவருடைய தாள்கள்மேல் போய் நின்றது. எடுத்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் நழுவியது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அடிபட்ட பிறகு வீட்டில் பூண்டு உரித்தது நான்தான் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. என் தாளில் பூண்டு இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "உங்க வேலையில கட்டைவிரல் எதுக்கெல்லாம் வேணும்மா?"

அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். கேரட் மூட்டையின் காதைப் பிடிக்க வேண்டும். சாக்குத் தைக்க ஊசியைத் தள்ள வேண்டும். ஷெட்டில் வேலை இல்லாத நாளில் பீன்ஸ் பறிக்கப் போனால் காம்பைக் கிள்ள வேண்டும், களை பிடுங்க வேண்டும்.

"இப்ப முடியுதா?"

"முடியல சார்."

அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. பூண்டைப் பைக்குள் போட்டாள்.

அவர் கோணம் அளக்கும் கருவியை எடுத்து மூட்டுக்கு மூட்டு வைத்துப் பார்த்தார். அளந்துவிட்டுப் பேசுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை. கடைசியில் அவர் எழுதியது: சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு முப்பது இழப்பு.

படி இறங்கும்போது அம்மா கேட்டாள். "முப்பது போச்சுன்னா, எழுபது எங்கிட்ட இருக்குல்லடி?"

"இருக்கும்மா."

"அப்ப அந்தாளு பூண்ட வாங்கியிருக்கலாம்."

பஸ் வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும்வரை அம்மா அடிபட்ட கையை இடது கையால் மூடி மடியில் வைத்திருந்தாள். கணக்கு எனக்கு மனதிலேயே ஓடி முடிந்துவிட்டது. மஞ்சள் பையில் வந்ததைவிட நன்றாகவே கூடுதல்.

தொகையைக் கட்ட மாமாவே ஆபீசுக்கு வந்தார். எண்ணைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அன்னைக்கே நீ வாங்கிருந்தா எனக்கு லாபம் பாப்பா."

"அதான் மாமா வாங்கல."

சிரித்துக்கொண்டேதான் கட்டினார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்ட்டுக்கு ஒரு வலைமூடியை அளந்து செய்யவைத்து மாட்டிக் கொடுத்தேன். கீல் வைத்தது, மெஷினை நிறுத்தினால்தான் திறக்க வரும், சேற்றைக் கழுவிவிட்டு மூடலாம். வெல்டிங் கூலியை அவரிடம் வாங்கிக்கொண்டேன்.

அம்மா இப்போது அதே ஷெட்டில் கேரட் தரம் பிரிக்கிறாள். நான் மூடி மாட்டிய அன்றே அவளும் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அன்று லாரி வந்து நின்றதும், ஷெட்டில் கூட வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். "மதினி, இந்த மூட்டைக்கு ஒரு கை குடுங்க."

அம்மா குனிந்த தலை நிமிராமல் கேரட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "முடியாது மதினி. முப்பது பெர்சென்ட்ட திண்டுக்கல்லுலயே விட்டுட்டு வந்துட்டேன். எங்க அண்ணனக் கூப்புடுங்க, அவருதான் பணங் கட்டினாரு."

ஷெட்டே சிரித்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்.

"வாய்க்கு எத்தன பெர்சென்ட்டுன்னு அந்த டாக்டரு பாக்கலயாக்கும்?"

"அது நூறும் அப்படியே கெடக்குண்ணே" என்றாள் அம்மா.